கண்ணில் வைத்த சந்தனம்

அத்தியாயம் 11

போன வாரம் எழிலரசனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்ததோடு நிறுத்தியிருந்தேன். பிரஸ் மிஷினில் மாட்டி வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா முனியம்மாள் இந்தத் தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த வீட்டில், அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் இருதயசாமியும் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையனுக்காக ஒரு மனுஷன் இவ்வளவு இளைத்துப் போவானா என்று நீங்கள் கேட்கலாம். அவர் மனைவி அன்னபுஷ்பமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு இன்றைக்குப் பதில் தெரிந்துவிடும். மிஷினைச் செய்த ஊரிலிருந்தே ஆள் வந்திருக்கிறார்.

வந்தவர் பெயர் ஹென்ஷல். கிழக்கு ஜெர்மனிக்காரர். போன வருடம் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகிவிட்டதால் இப்போது வெறும் ஜெர்மனிக்காரர். அவருக்கு ரஷ்ய மொழி நன்றாகத் தெரியும், இங்கிலீஷ் சுத்தமாக வராது. மேனேஜருக்கோ ஜெர்மன் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நடுவில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. 'நம்ம இருதயசாமி பொண்ணு ஜெர்மன் எம்.ஏ. படிக்குதாமே' என்று யாரோ சொல்ல, மேனேஜர் உடனே ஆள் அனுப்பிவிட்டார்.

ஆமாம், லிடியா படிப்பது அதைத்தான். கடைசி வருடம். சேரப்பணஞ்சேரியில் இருட்டோடு பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயில் பிடித்து, பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் களைப்பு வந்துவிடும். 'அதப் படிச்சா இன்னா ஆவலாம்?' என்று ஊரில் கேட்டார்கள். அப்பாதான் ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்.

"படிக்கட்டும். நான் ஓ.டி. பாத்துக்கறேன்."

அந்த ஓவர்டைம் காசில்தான் ஒன்றரை வருடம் ஓடியிருந்தது.

*

தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடும்போது, "இன்னிக்கு இன்னா பாடம்? ஒண்ணு சொல்லு" என்பார் இருதயசாமி. லிடியா ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொல்வாள். அவர் புரியாமலே தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை எடுப்பார். இன்றைக்கு அவர் கேட்கவில்லை.

"நீ வர வேணாம் பாப்பா" என்றார், சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி.

"ஏம்ப்பா?"

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கறேன். அவங்க வேற ஆளப் பாத்துப்பாங்க."

"மேனேஜரு என்ன நம்பி உக்காந்துகினு இருக்காரு. இப்ப போய் எப்பிடிப்பா வரலன்னு சொல்றது?"

அன்னபுஷ்பம் உள்ளேயிருந்து வந்தாள். "எதுக்கு வேணான்ற? இத்தினி வருசம் ஒடம்பத் தேச்சிப் படிக்க வெச்ச. அந்தப் படிப்பு நாலு பேருக்கு ஒதவறத நீயே கண்ணால பாக்க வேணாமா?"

இருதயசாமி மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பாவுக்கு என்னவோ கூச்சம், கம்பெனி ஆட்கள் முன்னால் மகள் பேசுவதைப் பார்க்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தாள் லிடியா. படித்த பெண்தான், ஆனாலும் சில விஷயங்களில் சிறுபிள்ளை.

தெருக்குழாயடியில் முனியம்மாள் நின்றிருந்தாள். குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து இவள் கையைப் பிடித்தாள்.

"கண்ணு, நீதான் அந்த வெள்ளக்காரனாண்ட பேசப் போறியாமே?"

"ஆமா அத்த."

"எழிலே மிஷின்ல ஒயர மாத்திட்டான்னு கம்பெனில பேசிக்கறாங்களாம். அதையே முடிவு பண்ணிட்டா வேலய உட்டு அனுப்பிடுவாங்களாம். கையில்லாதவனுக்கு வேற எவன் வேல குடுப்பான்? அவனுக்கு ஒயரப் பத்தி இன்னா தெரியும்? எங்க வூட்ல பீசு போனாகூட உங்கப்பனத்தான கூப்புடறோம்."

"நான் ஒண்ணும் முடிவு பண்றதில்ல அத்த. அவரு கேக்கறத இவங்களுக்குச் சொல்லணும், இவங்க சொல்றத அவருக்குச் சொல்லணும். அவ்ளோதான்."

"அது போதும். உள்ளத உள்ளபடி சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சொல்கிறேன் என்று லிடியா தலையசைத்தாள். எவ்வளவு சுலபமாகத் தலையசைத்துவிட்டோம் என்று அன்று மத்தியானம் அவளுக்குத் தோன்றியது.

*

கம்பெனி ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி இருந்தது. சுற்றிலும் இன்னும் வயல்தான். மழையில் தண்ணீர் கட்டி நின்ற நாற்றுகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை.

முதல் கால் மணி நேரம் லிடியாவுக்கு அழுகை வராத குறைதான். ஹென்ஷல் பேசியது அவள் கேசட்டில் கேட்டுப் பழகிய ஜெர்மன் இல்லை. ஒரகடத்துப் பேச்சு தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இல்லை அல்லவா, அது மாதிரி அவர் ஊர்ப் பேச்சு. போன மாதம்தான் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நீண்ட கவிதையைப் பற்றி ஜெர்மனிலேயே கட்டுரை எழுதி வகுப்பில் பாராட்டு வாங்கியிருந்தாள். இங்கே ஸ்பேனர் என்பதற்கு வார்த்தை தெரியாமல் கையைக் காட்டினாள்.

ஹென்ஷல் பொறுமைசாலி. அவள் திணறும்போதெல்லாம் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல மறுபடி சொன்னார். அறுபதை நெருங்கிய மனிதர். தான் முப்பது வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையை அங்கே மூடப்போகிறார்கள் என்றும், இதுதான் தன்னுடைய கடைசி வெளியூர் வேலை என்றும் நடந்துகொண்டே சொன்னார். அவர் முகத்தில் இருந்த சோர்வு பயணத்தால் வந்தது இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

போகப் போக லிடியாவுக்குத் தைரியம் வந்தது. வகுப்பில் ரத்னா மேடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விதி இருந்தது. 'அவர் இப்படிச் சொல்கிறார் என்று சொல்லாதே. பேசுகிறவர் நான் என்றால் உன் வாயிலும் நான் என்றுதான் வர வேண்டும். நீ அங்கே இல்லை, உன் குரல் மட்டும்தான் இருக்கிறது.' மேனேஜர் பேசும்போது மேனேஜராகவும், ஹென்ஷல் பேசும்போது ஹென்ஷலாகவும் மாறி மாறிப் பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது. சற்றுத் தள்ளி, கருவிப் பெட்டியோடு நின்ற அப்பாவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த பிரஸ் மிஷினை விபத்து நடந்த அன்றே பூட்டி வைத்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்குப் போட்ட மாலைகூட அப்படியே காய்ந்து தொங்கியது. உடம்பெங்கும் சந்தனமும் குங்குமமும். ஹென்ஷல் அதைச் சுற்றி வந்து, பக்கத்துத் தூணில் கோலிக்குண்டு அளவில் பதித்திருந்த ஒரு கண்ணாடிக்கு முன்னால் குனிந்தார்.

"இதுதான் மிஷினின் கண்" என்று அவர் சொன்னதை லிடியா மற்றவர்களுக்குச் சொன்னாள். "இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு ஒளி போய்க்கொண்டே இருக்கும். குறுக்கே கை வந்தால் மிஷின் அந்த நொடியே நின்றுவிடும்."

அந்தக் கண்ணின் மேல் தடிமனாகச் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். ஹென்ஷல் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இது என்ன?"

லிடியா ஆயுத பூஜையைப் பற்றிச் சொன்னாள். சோறு போடும் கருவிக்கு வருடத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்துக் கும்பிடுவோம் என்று சொன்னாள். அவள் வீட்டில் மாதா படம்தான், ஆனால் கம்பெனிப் பொரிகடலை இல்லாமல் அவள் வளரவில்லை.

"இந்த இடத்தில் வைத்தது யார்?"

பக்கத்து மிஷினில் வேலை செய்யும் யாக்கோபு முன்னால் வந்தான். "எழிலுதான் வெச்சான். நாங்கள்லாம் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் வெச்சிகினு இருந்தோம். இந்த மிஷினுக்குக் கண்ணு கீதுடா, கண்ணுக்குத்தான் மொதல்ல வெக்கணும்னான். புது மிஷினு இல்லியா, அவனுக்கு அது மேல உசுரு."

அதையும் லிடியா ஜெர்மனில் சொன்னாள். சின்ன வயதிலிருந்து பார்த்த எழிலரசன். இவளை 'ஜெர்மன்காரி' என்றுதான் கூப்பிடுவான். ஹென்ஷல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் ஜெர்மனில் ஏதோ விளக்கினார்.

மேனேஜர் லிடியா பக்கம் சாய்ந்தார். "சந்தனம் வெச்சது அந்தப் பையன்தான்னு அவருக்குப் புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது சார்."

"அப்ப முடிஞ்சுது. ரூமுக்குப் போலாம்."

"முடியல சார். கண்ண மறைச்சா மிஷின் ஓடாதாம், நின்னுதான் போவுமாம். நின்ன மிஷின ஓட வெச்சது வேற ஏதோ ஒண்ணு, அதத்தான் பாக்கணும்னு சொல்றாரு."

ஹென்ஷல் மிஷினுக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இருதயசாமிதான் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே வண்ண வண்ணமாக ஒயர்கள். ஹென்ஷல் டார்ச் அடித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரு சாண் நீள ஒயர், இரண்டு முனைகளை நேராக இணைத்திருந்தது. கண்ணைத் தாண்டிக்கொண்டு மின்சாரம் போக ஒரு குறுக்கு வழி. எலக்ட்ரீஷியன்கள் இதை 'டைரக்ட் பண்றது' என்பார்கள். டைரக்ட் பண்ணிவிட்டால் கண் இருந்தும் மிஷின் குருடு.

இணைப்பின் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி மட்டும் நாக்கு மாதிரி உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது.

லிடியா அந்த நுனியையே பார்த்தாள். அவள் வீட்டில் எல்லா இணைப்பிலும் அது இருக்கிறது. அயர்ன் பாக்ஸ் ஒயரில், ரேடியோ ஒயரில், மாதா படத்துச் சின்ன பல்பு ஒயரில். முனியம்மாள் வீட்டு மெயின் போர்டிலும் இருக்கிறது. 'நாளைக்குப் பிரிக்கிறவன் நகத்த ஒடச்சிக்கக் கூடாதில்ல' என்று அப்பா சொல்வார். வேறு யாரும் அப்படி மடித்து அவள் பார்த்ததில்லை.

திரும்பினாள். இருதயசாமி பெட்டியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஏன் வர வேண்டாம் என்றார் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

*

மேனேஜர் அறையில் டீ வந்தது. மேனேஜர், ஹென்ஷல், லிடியா மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இருதயசாமி கதவோரம் நின்றார். மகள் நாற்காலியிலும் அப்பா நின்றபடியும் இருப்பது வேறொரு நாளாக இருந்தால் அவருக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

மேனேஜர் அன்பாகத்தான் பேசினார். "இங்க பாரும்மா. ஆபரேட்டரே ஒயர மாத்திட்டான்னு சொல்லிடு. அவன் மிஷின், அவன் சந்தனம், அவன்தான் ஓட்டினான். நமக்குள்ள பிரச்சினை வேணாம். உனக்கும் படிப்பு முடியணும். உங்கப்பாவும் இங்கதானே இருக்கார்?"

கடைசி வாக்கியத்தில் மிரட்டல் எங்கே இருக்கிறது என்று தேடினால் அகப்படாது. ஆனால் அறையில் அது இருந்தது.

லிடியா மொழிபெயர்த்தாள். "ஆபரேட்டரே ஒயரை மாற்றிவிட்டார் என்று நான் நினைக்கிறேன்." மேனேஜரின் நான். காலையில் கையைப் பிடித்துக்கொண்ட முனியம்மாளின் ஈரக் கை நினைவுக்கு வந்தது.

ஹென்ஷல் தலையை ஆட்டினார். "மிஷினின் கண்ணுக்குப் பொட்டு வைத்த பையன் இந்த இணைப்பைப் போட்டிருக்க முடியாது. இது தொழில் தெரிந்தவர் செய்தது. சுத்தமான வேலை." கதவோரம் பார்த்தார். "பெட்டியின் சாவி இவரிடம்தான் இருக்கிறது. இவரைக் கேளுங்கள்."

லிடியா எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடி கேட்க முடியவில்லை.

"இந்தப் பெட்டிக்குள்ள ஒயர டைரக்ட் பண்ணது யாருன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாரு."

உங்களுக்கு என்றாள். பிறந்ததிலிருந்து அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தெரியாது என்று சொல்லிவிடு அப்பா. அவள் மனசு அதைத்தான் கேட்டது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவளுக்கு எழிலரசன் முக்கியமில்லை, முனியம்மாள் முக்கியமில்லை. அப்பாவின் வேலை போனால் அந்த மாதமே தன் படிப்பு நின்றுவிடும். கடைசிப் பரீட்சைக்கு இன்னும் சில மாதம்தான். ஒரு வார்த்தை போதும். தெரியாது என்ற அவர் சொல்லை அப்படியே ஜெர்மனில் சொன்னால் அவள் பங்குக்கு அவள் வேலையும் சரியாகத்தான் இருக்கும்.

இருதயசாமி மழைக் கோட்டை மடித்துக் கீழே வைத்தார்.

"நான்தான் போட்டேன்" என்றார்.

மேனேஜர், "இருதயசாமி" என்று ஆரம்பித்தார். இருதயசாமி நிறுத்தவில்லை.

"பூஜை முடிஞ்சி வந்த அன்னிக்கு மிஷின் ஓடல. நானும் பெட்டியத் தொறந்து எல்லாம் பாத்தேன். உள்ள ஒரு கோளாறும் இல்ல. பூவும் பொட்டும் மிஷின் முழுக்க இருந்துச்சி, அந்தக் கண்ணாடி மேல இருந்தத நான் பாக்கல. பாத்திருந்தா துணியால தொடச்சிட்டுப் போயிருப்பேன். லோடு அன்னிக்கே போவணும்னாங்க. டைரக்ட் பண்ணேன். சாயங்காலம் எடுத்துடலாம்னு நெனச்சேன். எடுக்கல. மறுநாள் எடுக்கலாம்னு நெனச்சேன். அந்தப் புள்ள கண்ணு இருக்குதுன்னு நம்பிக்கினு கைய உட்டான்."

அவர் குரல் அங்கே உடைந்தது. லிடியா தன் அப்பா அழுது பார்த்ததே இல்லை.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஹென்ஷல் பக்கம் திரும்பி, ரத்னா மேடம் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஆரம்பித்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள் ஜெர்மனில். "நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் துடைத்திருப்பேன். லோடு அன்றைக்கே போக வேண்டும் என்றார்கள்." தன் வாயிலிருந்து ஒவ்வொரு நானும் வெளியே வரும்போது, அந்த ஒயரைத் தானே போட்டதுபோல அவளுக்கு இருந்தது. நீ அங்கே இல்லை என்று மேடம் சொன்னது பொய். அவள் அங்கேதான் இருந்தாள். அந்த ஓ.டி. காசில்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹென்ஷல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தட்டியிருக்க வேண்டும். இந்தப் பெண் நிற்கும் விதமா, அந்த ஆள் அழும் விதமா, தெரியவில்லை.

"இது பெரிய விஷயம்" என்றார் மெதுவாக. "இவருடைய பிழைப்பே போகும். நீங்கள் காலையில் சில வார்த்தைகளுக்குத் தடுமாறினீர்கள். ஒருவேளை தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். வேண்டுமானால் மறுபடி கேட்டுச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்."

அந்த அறையில் அது அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் புரிந்தது. தப்பித்துக்கொள்ள அவர் ஒரு வழி திறந்து விட்டிருந்தார். இன்னும் ஒரு தடவை கேட்டு, வேறு மாதிரி சொல்லலாம். மேனேஜருக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, தன் மகள் என்ன சொன்னாள் என்று கடைசி வரை தெரியாமலே வீட்டுக்கு வந்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒருவன் வேலையும் விரலும் இல்லாமல் உட்கார்ந்திருப்பான்.

"தவறாகப் புரிந்துகொள்ளவில்லை" என்றாள் லிடியா. "இவர் பேசுவது எனக்கு நன்றாகப் புரியும். இவர் என் அப்பா."

வெளியே தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஹென்ஷல் நாற்காலியை விட்டு எழுந்து, கதவோரம் போய், இருதயசாமியின் தோளைத் தொட்டுத் தன் நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

"நல்லது. அப்படியானால் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது" என்று அவளிடம் சொன்னார். "லோடு அன்றைக்கே போக வேண்டும் என்று இவரிடம் சொன்னார்கள் என்றீர்களே. சொன்னது யார்?"

மேனேஜருக்கு ஜெர்மன் தெரியாது. ஆனாலும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

லிடியா அப்பாவுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, எண்ணெயும் டேப் பசையும் ஏறிய அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நீங்க என்ற சொல் இந்த முறை வரவில்லை.

"அப்பா, பயப்படாத. உன்ன அப்பிடிச் செய்யச் சொன்னது யாரு?"